கீழ்க்கொல்லையில் ஒரு முகாம்

இந்தக் காலத்தில் வருகிறவனுக்குப் போகத் தெரிவதில்லை. முன்பெல்லாம் ஒருவன் இன்னொருவன் வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றும்போதே வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவான். கையில் இருக்கிற பையைக் கீழே வைக்கமாட்டான். சாப்பிடுவான், ஏப்பம் விடுவான், "வரட்டுங்களா" என்பான், போய்விடுவான். இப்போது வருகிறவன் உள்ளே நுழைந்ததும் சுவரைத்தான் பார்க்கிறான், எங்கே பிளக் இருக்கிறது என்று. சார்ஜரை மாட்டிவிட்டால் போச்சு. அவன் இன்றைக்குப் போகமாட்டான், நாளைக்கும் போகமாட்டான்.

தீர்த்தனுக்கு இந்த ஞானம் சும்மா வரவில்லை. சம்பந்தி கோவிந்தன் வந்து உட்கார்ந்த பிறகு வந்தது.

கோவிந்தன் பட்டாளத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். பட்டாளம் என்றால் சண்டை போட்டவர் என்று யாரும் நினைக்கவேண்டாம். ஸ்டோரில் கம்பளி கொடுக்கிற வேலை. ஆனால் மீசை மட்டும் எல்லைக்குப் போய்வந்த மீசை. தீர்த்தனின் ஒரே மகள் சுமலதாவை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருந்தது. பாப்பாரப்பட்டியில் சொந்த வீடு, நல்ல மனிதர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. தீர்த்தன் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

ஆவணியில் நிலக்கடலை காய் பிடிக்கிற சமயம் காட்டுப்பன்றி இறங்கி, தீர்த்தனின் கீழ்க்கொல்லை நிலத்தில் ஒரு மூலையைக் கிளறிப் போட்டது. காரிமங்கலத்துக்கு இந்தப் பக்கம் குன்று ஓரத்தில் கொல்லை வைத்திருக்கிறவனுக்கு அது புதிதா? பொண்டாட்டி ரங்கம்மாள் போனில் மகளிடம் புலம்பினாள். அவ்வளவுதான். மறுநாள் முதல் பஸ்ஸில் கோவிந்தன் வந்து இறங்கினார். தோளில் பச்சைத் தார்ப்பாய், கையில் டார்ச் லைட்டு, கழுத்தில் விசில்.

"கவலைய வுடுங்க சம்பந்தி. ஒரே வாரம். பன்னிய ஒழுங்கு பண்ணிட்டுக் கெளம்பிடறேன்."

"பன்னிய ஒழுங்கு பண்ண நான் இல்லீங்களா?" என்றார் தீர்த்தன்.

"நீங்க தனி ஆளு. இது ஆபரேசன்."

ஆபரேசன் நடந்தது. கிணற்றுக்கும் புளியமரத்துக்கும் நடுவில் தார்ப்பாயைக் கட்டிக் கட்டிலைப் போட்டார். விடிந்தால் விசில், பொழுது போனால் விசில். பன்றி பயந்ததோ இல்லையோ, பக்கத்துக் கொல்லை கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. ஐப்பசியில் கடலை பிடுங்கி வீடு வந்து சேர்ந்தது. தீர்த்தன் மூட்டைகளைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார்.

"அப்ப பன்னி வேல முடிஞ்சிதுங்க."

"முடிஞ்சிது. ஆனா கொள்ளு வெதைக்கறீங்க இல்ல? மயிலு வரும் சம்பந்தி. மயிலு பன்னிய வுட மோசம். அது தேசியப் பறவை, நாம ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்குத் தனி டெக்னிக்கு வேணும்."

தை பிறந்து, கொள்ளு அறுத்தாயிற்று. மயில் போயிற்று. பிறகு புளியமரத்துக்குக் குரங்கு வந்தது. அதாவது, குரங்கு வரக்கூடும் என்று கோவிந்தனுக்குத் தோன்றியது. தார்ப்பாய் இருந்த இடத்தில் தகரக் கொட்டாய் எழுந்தது.

கீழ்க்கொல்லை என்பது சும்மா கொல்லை இல்லை. வற்றாத கிணறு அங்கேதான். இப்போது புதுத் தார்ரோடு அதன் வரப்பை ஒட்டித்தான் போகிறது. ரோடு வந்ததில் இருந்து காரில் வருகிறவன் எல்லாம் கண்ணாடியை இறக்கி அந்தக் கொல்லையைப் பார்த்துவிட்டுத்தான் போகிறான். ஒருவன் ஓர் இடத்தில் பன்னிரண்டு வருஷம் அசையாமல் குந்திவிட்டால் கோர்ட்டே அவனுக்கு எழுதிக்கொடுத்துவிடும் என்று தர்மபுரி பஸ்ஸில் ஒருவன் இன்னொருவனுக்குச் சொன்னதைத் தீர்த்தன் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். பன்னிரண்டு வருஷம் என்ன தூரமா?

"எந்திரிச்சுப் போய்யா" என்று சொல்லிவிடலாம். ஆனால் மகள் அந்த வீட்டில் இருக்கிறாள். இங்கே கொட்டுகிற வார்த்தை அங்கே அவள் அடுப்பங்கரையில்தான் கொதிக்கும். ரங்கம்மாளோ அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டாள். களி கிண்டியவுடன் முதல் உருண்டை கொட்டாய்க்குத்தான் போகிறது.

"அவராச்சும் 'நல்லா இருக்குதுங்க'ன்னு ஒரு வார்த்த சொல்றாரு. நீங்க இத்தினி வருசம் தின்னுட்டு என்னா சொன்னீங்க?"

"தின்னேன் இல்ல? நல்லா இல்லாமயா தின்னேன்?"

"அது நாக்குல வரணும்."

சந்தை நாளன்று தீர்த்தன் காரிமங்கலம் போனார். சந்தை முடிந்தால் ஜமீர் கடையில் ஒரு டீ குடிப்பது வழக்கம். ஜமீர் பல வருஷம் வெளிநாட்டில் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஓட்டலில் இல்லை, பட்டாள முகாமில். ஒரு பெரிய தேசத்துப் பட்டாளம் ஒரு சின்ன தேசத்தில் போய் உட்கார்ந்துகொண்டு கிளம்பாமல் இருந்தது. அந்தப் பட்டாளத்துக்கு வேலை செய்யும் ஆட்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டவர் ஜமீர்.

கடை டிவியில் வேறொரு பட்டாளம், வேறொரு ஊர். கோட்டு போட்ட ஒருவர், அங்கே அமைதி திரும்பும்வரை எங்கள் வீரர்கள் இருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏம்பா ஜமீரு, ஒனக்குத் தெரியாததா. இவனுங்க எதுக்குத்தான் அடுத்தவன் ஊர்ல போயி குந்திக்கறானுங்க?"

ஜமீர் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார். "அண்ணே, எங்க சமையக்கட்டுல தெனமும் இதான் பேச்சு. நேபாளத்துக்காரன் சொல்வான், எண்ணெய்க்குன்னு. மலையாளத்தான் சொல்வான், கடல் வழிக்குன்னு. ஒருத்தன், துப்பாக்கி விக்கறதுக்குன்னு சொல்வான். தலைமைச் சமையக்காரரு ஒரு பிலிப்பைன்ஸ்காரரு. அவரு ஒண்ணு சொன்னாரு. எதுக்கு வந்தோம்னு அவனுங்களுக்கே மறந்துபோச்சு, இப்பப் போனா தோத்துட்ட மாதிரி ஆவும், அதனால இருக்கானுங்கன்னு."

"மறக்கறதாவது. அங்க தண்ணி இருக்குதா?"

"பாலைவனம் அண்ணே."

"அடியில இருக்கும். நீ பாத்திருக்க மாட்ட." தீர்த்தன் டம்ளரைக் கீழே வைத்தார். "சரி, எப்பிடி ஆரம்பிச்சானுங்க? மொதல்ல என்னா கட்டுனானுங்க?"

"மொதல்ல கூடாரம். ஆறு மாசத்துல போயிடுவோம்னாங்க. அடுத்து தகரக் கொட்டாய்."

தீர்த்தனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தகரமா?"

"தகரம்தான். அப்புறம் சிமெண்ட்டு. சிமெண்ட்டு வந்துதுன்னா முடிஞ்சிதுண்ணே, அப்புறம் கடை, ஜிம்மு, சலூனு எல்லாம் வந்துடும். கெளம்பற தேதி ஒண்ணு சொல்வாங்க. அந்தத் தேதி கிட்ட வந்தா எங்கியாவது 'டொம்'முன்னு ஒரு சத்தம் கேக்கும். பாத்தீங்களா, இன்னும் ஆபத்து இருக்குது, நாங்க போயிட்டா உங்க கதி என்னாம்பாங்க. வெடி வெச்சது யாருன்னு யாருக்கும் தெரியாது."

"அந்த ஊர்க்காரன் சும்மாவா இருந்தான்?"

"எங்க கிட்சன்ல பாத்திரம் கழுவ ஒரு பெரியவரு வருவாரு. உங்க வயசு. அவரு சொல்வாரு, மொத வருசம் பூ குடுத்தோம், ரெண்டாவது வருசம் கல்லுவுட்டு அடிச்சோம், மூணாவது வருசம் வேலைக்குச் சேந்துட்டோம்னு."

தீர்த்தன் சந்தையில் வாங்கிய மிளகாயைக்கூட மறந்துவிட்டு பஸ் ஏறினார். வழியெல்லாம் ஒரே நினைப்பு. தார்ப்பாய், தகரம். அடுத்தது என்ன?

கீழ்க்கொல்லைக்குள் கால் வைத்ததும் தெரிந்தது. கிணற்றடியில் கோவிந்தன் குந்திக்கொண்டு கரண்டியால் எதையோ தடவிக்கொண்டிருந்தார்.

"வாங்க சம்பந்தி! குளிக்கறதுக்கு ஒரு மேடை. ஈரத்துல வழுக்குது இல்ல?"

சிமெண்ட்டு.

தீர்த்தன் நின்ற இடத்திலேயே குந்திவிட்டார்.

"என்னாங்க, தலை சுத்துதுங்களா?"

"ஒண்ணுமில்ல. வெயிலு." மூச்சை இழுத்து விட்டார். "சம்பந்தி, கடலை போச்சு. கொள்ளு போச்சு. புளி உலுக்கியாச்சு. கொல்லை மொட்டையாக் கெடக்குது. இனிமே இங்க காவ காக்க மண்ணுதான் இருக்குது. மழை ஒண்ணு பேஞ்சா ஓட்டணும். கொட்டாயி நடுவுல நிக்கிது, டிராக்டர் திரும்பாது. நீங்களும் வூட்டப் பாக்க வேணாமா?"

கோவிந்தன் கரண்டியைக் கழுவினார். முகம் கொஞ்சம் வாடியது மாதிரி இருந்தது. "சரிங்க சம்பந்தி. நாள் பாத்துக் கெளம்பிடறேன். அமாவாசை போவட்டும்."

தேதி சொல்லிவிட்டான்! ஜமீர் சொன்னதை நினைத்துக்கொண்டே தீர்த்தன் வீட்டுக்குப் போனார். அவருக்குத் தெரியும், இனி 'டொம்' என்று ஒன்று கேட்கவேண்டும்.

அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் கொல்லையில் இருந்து விசில் பிய்த்துக்கொண்டு வந்தது. தீர்த்தன் பல் விளக்குகிற வாயோடு ஓடினார். கோவிந்தன் மீசை துடிக்க நின்றுகொண்டிருந்தார்.

"பாருங்க! பாருங்க சம்பந்தி! எதிரி வந்துட்டுப் போயிருக்கறான்!"

கிணற்றடி ஈரத்தில், குளிக்கிற தண்ணீர் ஓடுகிற வழியில், பன்றிக் குளம்புத் தடம். ஒன்றல்ல, வரிசையாக. ரங்கம்மாளும் வந்து பார்த்துவிட்டு "அய்யய்யோ" என்றாள்.

தீர்த்தன் குனிந்தார். பன்றித் தடம்தான், சந்தேகமில்லை. ஆனால் அவருக்குச் சந்தேகம் வராத விஷயம் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. தடம் வரப்பில் இருந்து ஆரம்பித்து, புதுச் சிமெண்ட்டு மேடை வரை வந்து நின்றது. அங்கிருந்து எங்கும் போகவில்லை.

"வந்தது சரி. எப்பிடிங்க திரும்பிப் போச்சு?"

"துள்ளிக் குதிச்சிருக்கும்."

"மேடையில இருந்தா?"

"பட்டாளத்துல பாத்திருக்கறேன் சம்பந்தி. காட்டுப்பன்னி ரொம்பத் தாவும்."

"கம்பளி ஸ்டோர்லயா பாத்தீங்க?"

"ஏங்க, வாய வெச்சிக்கிட்டு சும்மா இருங்க," என்றாள் ரங்கம்மாள். சம்பந்தி பக்கம் திரும்பினாள். "நீங்க இப்பப் போவாதீங்கண்ணா. இது நெலவரம் சரியில்ல."

தீர்த்தன் வாயைக் கொப்பளிக்கப் போனார். மறுநாள் விடிந்து பால் கறக்கிற நேரம், வழக்கமான தடத்தில் போகாமல், பக்கத்துக் கொல்லை அவரைப் பந்தலுக்குள் புகுந்து, வயசுக்குத் தகாத மாதிரி முட்டி போட்டுப் போனார். பந்தல் இடுக்கில் எட்டிப் பார்த்தார்.

கோவிந்தன் முட்டிவரை வேட்டியைத் தூக்கிக் கட்டியிருந்தார். கையில் ஒரு குச்சி. குச்சி நுனியில் சணல் போட்டுக் கட்டிய ஒரு பன்றிக் கால். ஈர மண்ணில் குத்துவார், ஓர் அடி நகர்வார், தலையைச் சாய்த்துப் பார்ப்பார், கோலம் போடுகிற பெண்பிள்ளை மாதிரி ஒன்றை அழித்துவிட்டு மறுபடி குத்துவார். இந்தத் தடவை போகிற தடமும் போட்டுக்கொண்டிருந்தார். நேற்றுத் தீர்த்தன் கேட்ட கேள்வியை மனசில் வாங்கியிருக்கிறார்.

தீர்த்தன் பின்னால் போய் நின்று, சாவகாசமாக, "பன்னி எந்திரிச்சிட்டுதுங்களா?" என்றார்.

கோவிந்தன் போட்ட சத்தத்தில் விசில் தானாகவே அடித்தது. குச்சி கிணற்றில் விழப்போய், அவரே தாவிப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி... இது... ஒரு பயிற்சி..."

"யாருக்கு, பன்னிக்கா?"

கோவிந்தன் மேடையில் உட்கார்ந்தார். மீசை தொங்கிப்போனது.

"கறிக்கடைக்காரன்கிட்ட சொல்லி வாங்கனது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நேராவே கேக்கறேன்," என்றார் தீர்த்தன். "உங்களுக்கு என்னா வேணும்? கெணறா, புளியமரமா, ரோட்டோரமா? எதுக்காவ குந்திக்கிட்டிருக்கறீங்க?"

"கெணத்த நான் என்னா பண்ணப் போறேன்? சம்பந்தி, நீங்க கோச்சிக்கக் கூடாது."

"கோச்சிக்கத்தான் வந்திருக்கறேன். சொல்லுங்க."

"என் வூட்ட உங்க பொண்ணு புடிச்சிட்டாங்க."

தீர்த்தனும் மேடையில் உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு சூட்கேசோடதான் வந்தாங்க," என்று கோவிந்தன் ஆரம்பித்தார். "நல்ல பொண்ணு, தங்கமான பொண்ணு. 'மாமா, ஒரே ஒரு வாரம், உங்க ரூம்ல தையல் மிசினு வெச்சிக்கறேன்'னாங்க. சரின்னேன். வாரம் போச்சு. மிசினு ரெண்டாச்சு. அப்புறம் துணி மூட்டை. அப்புறம் தைக்க வர்ற பொம்பளைங்க. என் கட்டிலு ஹாலுக்கு வந்துது. ஹாலுல இருந்து நடைக்கு வந்துது. என் பெட்டி இப்ப ஆட்டுக் கொட்டாயில இருக்குது. ஏம்மான்னு கேட்டா, 'உங்க நல்லதுக்குத்தான் மாமா, உங்களுக்குக் காத்து வேணும்'ங்கறாங்க. சக்கரை டப்பாவப் பூட்டி சாவிய இடுப்புல சொருகிக்கறாங்க. 'பால் வாங்கத்தான போனீங்க, சட்டையில ஏன் மிச்சர் வாசன?' வாசன புடிக்கறாங்க சம்பந்தி! நாட்டுக்கே சேவை பண்ணவன்யா நான்!"

தீர்த்தனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரிப்போடு கொஞ்சம் பெருமையும் சேர்ந்து வந்தது. தம்மைப் போலவே பிறந்திருக்கிறாள், யாரையும் நம்பாமல்.

"சிரிங்க. நீங்க பெத்ததுதான," என்றார் கோவிந்தன். அப்புறம் அவரும் சிரித்துவிட்டார்.

விஷயம் ரங்கம்மாள் காதுக்குப் போக அரைமணி ஆயிற்று. அவளிடம் இருந்து பாப்பாரப்பட்டிக்குப் போக அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மத்தியான பஸ்ஸில் சுமலதா வந்து இறங்கினாள். நேராகக் கீழ்க்கொல்லைக்குத்தான் போனாள். கொட்டாய்க்குள் புகுந்து கட்டிலுக்கு அடியில் கையை விட்டாள். வெளியே வரும்போது கையில் ஒரு பட்டாள பூட்ஸ். கவிழ்த்தாள். மைசூர்பாகு விழுந்தது.

"இதான் பன்னிக் காவலா மாமா?"

கோவிந்தன் அட்டென்ஷனில் நின்றார்.

"சக்கரை முன்னூறுக்கு மேல இருந்துதுப்பா, டாக்டர் என்னைத்தான் திட்டுனாரு," என்று அப்பாவிடம் திரும்பினாள். "அதான் பூட்டுனேன். தப்பா?"

"சக்கரையப் பூட்டுனது சரி," என்றார் தீர்த்தன். "ரூமப் புடிச்சது?"

"அது... வேல கூடிப்போச்சுப்பா. ஒரு வாரம்னுதான் நெனச்சேன்."

"எல்லாரும் அப்பிடித்தான் நெனைக்கறாங்க." தீர்த்தன் துண்டை உதறித் தோளில் போட்டார். "கேட்டுக்க. நீ அந்த ரூமக் காலி பண்ணு. அவரு என் கொல்லையக் காலி பண்ணட்டும். இன்னிக்கே. ஒண்ணு நடந்தாத்தான் இன்னொண்ணு. மிசினுக்கு மாடியில ஒரு கூரை போட்டுக்க, தகரம் இங்க இருக்குது, எடுத்துட்டுப் போ."

சுமலதா அப்பாவைப் பார்த்தாள். மாமனாரைப் பார்த்தாள். பூட்ஸை அவர் கையில் கொடுத்தாள். "ரூமு உங்களுதுதான் மாமா. ஆனா மிச்சர் வாசன வந்துதுன்னா பாத்துக்கங்க."

"மோந்து பாக்கறத மட்டும் நிறுத்திடும்மா," என்றார் கோவிந்தன், கண்ணெல்லாம் கலங்கி. "மத்ததெல்லாம் டீக் ஹை, சரிதான்."

அன்று பொழுது சாய்வதற்குள் கொட்டாய் இறங்கியது. தகரத்தை டெம்போவில் ஏற்றினார்கள். ரங்கம்மாள் ஒரு டப்பா களியும் கீரைக் குழம்பும் கட்டிக்கொடுத்தாள். கோவிந்தன் கிளம்புகிற நேரத்தில் கழுத்தில் இருந்த விசிலைக் கழற்றிப் புளியமரத்துத் தாழ்ந்த கிளையில் மாட்டினார்.

"இது இங்கியே இருக்கட்டும் சம்பந்தி. ஆபத்துன்னா ஊதுங்க. அடுத்த பஸ்ல இருப்பேன்."

தீர்த்தனுக்குச் சுருக்கென்றது. சிமெண்ட்டு மேடையையும் பார்த்தார். அதை எடுத்துக்கொண்டு போகமுடியாது என்று அவருக்கும் தெரியும், சம்பந்திக்கும் தெரியும்.

அடுத்த சந்தையில் ஜமீரிடம் எல்லாவற்றையும் சொன்னபோது ஜமீர் விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தீங்களாண்ணே, நீங்க கெணறுன்னு நெனச்சீங்க. பாவம், அந்த மனுசனுக்குப் போக்கெடம் இல்ல. அவ்ளோதான்."

"அதான் அவன் சொல்றான்."

"நம்பலியா?"

"பன்னிக் கால எடுத்துக் குத்துனவன் சொல்றத நான் நம்பணுமா? நீ சொன்னியே, அந்தப் பட்டாளத்துக்காரனுங்க, அவனுங்க கெளம்புனானுங்களா?"

"கெளம்புனாங்க. காவலுக்குன்னு கொஞ்ச பேர வுட்டுட்டுப் போனாங்க."

"அதான்," என்றார் தீர்த்தன். "இவன் விசில வுட்டுட்டுப் போயிருக்கறான்."

சித்திரையில் ஒரு நல்ல மழை இறங்கியது. டிராக்டர் கீழ்க்கொல்லையில் எங்கேயும் தட்டாமல் திரும்பித் திரும்பி ஓட்டியது. ஓட்டின மண் கறுப்பாக, பிசைந்த களி மாதிரி கிடந்தது. தீர்த்தனுக்கு வரப்பில் நின்று பார்க்கப் பார்க்க ஆசை தீரவில்லை. வெகுநாளைக்குப் பிறகு ரங்கம்மாளிடம், "இன்னிக்குக் கொழம்பு பரவால்ல," என்றுகூடச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து ரங்கம்மாள் கொல்லையில் இருந்து கத்தினாள். தீர்த்தன் போனார். ஓட்டின மண்ணில், வரப்பில் இருந்து கிணறு வரைக்கும், அங்கிருந்து திரும்பிக் குன்றுப் பக்கமும், குளம்புத் தடம். பெரிசும் சிறிசுமாக, ஒரு குடும்பமே வந்துபோனது மாதிரி. நடுவில் ஆள் நீளத்துக்கு மண் கிளறிக் கிடந்தது. சிமெண்ட்டு மேடை ஓரத்தில் விட்டைகூடப் போட்டிருந்தது.

"இது நெஜமான பன்னிதாங்க," என்றாள் ரங்கம்மாள். "குட்டியோட வந்திருக்குது. அந்தண்ணனுக்கு ஒரு போனப் போடட்டுமா?"

தீர்த்தன் குனிந்து தடத்தைப் பார்த்தார். விட்டையைக் குச்சியால் புரட்டிப் பார்த்தார். பாப்பாரப்பட்டிப் பக்கமாகக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார்.

"குட்டிக் காலும் வாங்கியிருக்கறான்," என்றார்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, புளியமரத்தில் ஆடிய விசிலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வரப்பு மேல் நடந்து வீட்டுக்குப் போனார்.